வெளிச்சம் விக்கிறவன்கிட்ட கீபோர்டு வாங்காத

ஏழு இன்ச்சுக்குக் கலர் ஸ்கிரீன் வச்ச கீபோர்டு வாங்கப் போறியாமே பேராண்டி? உன் அத்தை மகன் சொன்னான். நல்லா வாங்கு. வாங்கிட்டு அந்த ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு எழுபது வருஷத்துக்கு மேல ஒண்ணும் தெரியல. உனக்குப் பொறந்ததுலேர்ந்து ஒண்ணும் தெரியல. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்கிரீன் தாராளமாப் போதும்.

கோவிச்சுக்காத. பார்வை இல்லாதவன் இன்னொரு பார்வை இல்லாதவனக் கிண்டல் பண்றதுக்கு எந்த ஆபீஸ்லயும் மனு குடுக்க வேண்டியதில்ல. புதுக்கோட்டைச் சீமை முழுக்க ஆர்மோனியப் பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சு, வள்ளி திருமணத்துக்கும் அரிச்சந்திராவுக்கும் விடிய விடிய வாசிச்சவன் சொல்றேன். என் பெட்டியில ஸ்கிரீன் இல்ல, மெனு இல்ல, அப்டேட்டும் இல்ல. துருத்திய அமுக்கினா காத்து வரும். குமிழ இழுத்தா சத்தம் மாறும். குமிழு வெளிய நிக்குதா உள்ள இருக்கான்னு விரல வச்சாத் தெரியும். அந்தப் பெட்டியில கமகம் வராதுன்னு 1940-லேர்ந்து 1971 வரைக்கும் ரேடியோவுல அதுக்குத் தடை போட்டு வச்சிருந்தானுங்க. இருக்கட்டும். பிறவியிலயே பார்வை இல்லாத ரவீந்திர ஜெயின் அதே பெட்டிய முன்னால வச்சுக்கிட்டு இந்திப் படத்துக்கெல்லாம் மெட்டுப் போட்டாரு. அவர யாரும் ஸ்கிரீன் சைஸ் கேக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன். கீபோர்டுல ரெண்டு பாகம் இருக்கு. கீழ கட்டைங்க, மேல பொத்தானுங்க. கட்டைங்களுக்கு இந்த வரிசைய வச்சவன் எவனோ, அவன் மகராசன். கறுப்பு ரெண்டு, கறுப்பு மூணு, மறுபடி ரெண்டு, மறுபடி மூணு. விரல வச்ச உடனே எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுபோகும். பார்வை உள்ளவன் மட்டும் மேடையில கட்டையப் பார்த்துக்கிட்டா வாசிக்கிறான்? முன்வரிசையில யாரு வந்திருக்கான்னுல்ல பார்க்கிறான்! புள்ளி எழுத்தக் கண்டுபிடிச்ச லூயி பிரெயில் பாரிஸ்ல மாதா கோயிலுக்கு ஆர்கன் வாசிச்ச மனுஷன். 1829-ல அவர் அந்த முறைய அச்சுல கொண்டுவந்தப்பவே எழுத்தோட சேர்த்து இசைக்கும் புள்ளி வச்சுட்டாரு. ஆகக் கட்டை விஷயத்துல நமக்கு ஒரு குறையும் இல்ல. பொத்தான் விஷயத்துலதான் கம்பெனிக்காரனுக்கு அறிவு அதிகமாயிட்டுது.

அதனால கடைக்காரன் 61 கட்டையா, 76 கட்டையா, 88 கட்டையான்னு கேப்பான் பாரு, அதுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாத. நீ பொத்தானப் பத்திக் கேளு. முதல்ல அவன் உன்கிட்டப் பேசவே மாட்டான். கூட வந்தவன்கிட்ட, "சாருக்கு என்ன மாடல் வேணும்?"னு கேப்பான். காசு உன் பையில இருக்கும், விலைய அவன்கிட்டச் சொல்லுவான். தொண்டையக் கனைச்சுட்டு, "சாருக்குக் காது கேக்கும்"னு சொல்லு. அப்புறம் டெமோ பொத்தான அமுக்குவான். ஆகா, ஓகோன்னு ஒரு பாட்டு வரும். அத வாசிச்சது அவனும் இல்ல, நாளைக்கு நீயும் இல்ல. ஜப்பான்ல எவனோ வாசிச்சது. அந்தப் பாட்டக் கேட்டு மயங்கித்தான் நம்ம ஊர்ல பாதிப் பேரு கீபோர்டு வாங்குறான். நீ ஒரு ஹெட்போன எடுத்துட்டுப் போ. மாட்டிக்கிட்டு, டெமோவ நிறுத்தச் சொல்லிட்டு, பத்து நிமிஷம் சத்தமே இல்லாமத் தடவிப் பாரு. பார்க்கிறவன் சிரிப்பான். அவன் சிரிக்கிறது உனக்குத் தெரியவா போகுது?

தடவுறப்ப என்ன பார்க்கணும்? பொத்தான் மேடு தட்டி நிக்குதா, பலகையோட பலகையா வழவழன்னு கிடக்கான்னு பாரு. வழவழன்னு கிடந்து, தொட்டாலே வேலை செய்யுற ரகம்னா, பொத்தானத் தேடுறப்பவே அமுக்கிடுவ. பொத்தானத் தேடவும் முடியணும், அமுக்காமலும் இருக்க முடியணும். இந்தச் சின்ன விஷயம் பல இன்ஜினியருக்குத் தெரியல.

அடுத்தது குமிழு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருகி, ரெண்டு பக்கமும் முட்டி நிக்கிற குமிழு நல்ல குமிழு. முழுசா இடப்பக்கம் திருகினா சுழி, அங்கேர்ந்து கணக்குப் போட்டுக்கலாம். இப்ப வர்ற பெட்டியில நிறைய இடத்துல முட்டே இல்லாத டயல் வைக்கிறான். செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும், எங்க ஆரம்பிச்சோம்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கேசியோல சிடி-எஸ்300 அப்படி டயல் வச்ச பெட்டி. எடை 3.3 கிலோதான், தோள்ல மாட்டினா தெரியவே தெரியாது. ஆனா 400 ஒலிய அந்த டயலச் சுத்தித்தான் தேடணும். அதே கேசியோல சிடி-எக்ஸ்700-ல பழைய டெலிபோன்ல இருந்த கணக்கா 0-லேர்ந்து 9 வரைக்கும் நம்பர் பொத்தான் இருக்கு. ஒலிங்க 600. மூணு இலக்கத்த அமுக்கினா நேரா அந்த ஒலியில போய் நிக்கும். ஒரு கிலோ கூட, அவ்வளவுதான். வீட்டுல உக்காந்து நமக்கு வேண்டிய இருபது முப்பது ஒலிக்கு நம்பரப் புள்ளி எழுத்துல ஒரு அட்டையில குத்தி வச்சுக்கிட்டா, கண்ணு உள்ளவன் திரையத் தேடி முடிக்கறதுக்குள்ள நீ ரெண்டு ஒலி மாத்திருவ. இதச் சொன்னா உனக்கு இனிக்காது. நம்பர் பொத்தான் பழைய பாணி, கலர் ஸ்கிரீன்தான் கௌரவம்!

மூணாவதா விளக்குப் பொத்தான். ஒருதரம் அமுக்கினா ஆன், மறுதரம் அமுக்கினா ஆஃப். இப்ப ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு கேட்டா, மேல எரியுற சின்ன விளக்குதான் சாட்சி. சாட்சிக்காரனப் பார்க்க முடியாதவன் என்ன பண்றது? வாசிச்சுப் பார்க்கணும். ரிதம் ஓடுதா, இடது கையில கார்டு பிடிக்குதா, ரெண்டு ஒலியும் சேர்ந்து வருதா, இதெல்லாம் காதுல தெரியும். காதுல தெரியாத செட்டிங் எத்தனை இருக்குன்னு கடையிலயே எண்ணிப் பாரு. ரெண்டு மூணுன்னா சமாளிச்சுக்கலாம். பத்துக்கு மேலன்னா அந்தப் பெட்டிய அங்கயே விட்டுட்டு வா.

இப்ப உன் ஆசை நாயகிக்கு வரேன், யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900. 2019-ல வந்தது. ஒலி அருமை, அதுல நான் குத்தம் சொல்லல. திரையத் தொட்டுத் தொட்டுத்தான் பாதி வேலை நடக்கும். ஓரத்துல ஒரு டயலும் எண்டர் பொத்தானும் வச்சிருக்கான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எந்தப் பக்கத்துல நிக்கிறோம், எந்தக் கட்டத்துல நிக்கிறோம்னு தெரியாம டயலச் சுத்தி என்ன பண்ண? அதுக்கு முன்னால வந்த எஸ்970, எஸ்975 ரெண்டுலயும் திரை வெறும் கண்ணாடி, தொட்டா ஒண்ணும் ஆகாது. திரைக்கு இந்தப் பக்கம் அஞ்சு பொத்தான், அந்தப் பக்கம் அஞ்சு, கீழ எட்டு ஜோடி. ஒவ்வொண்ணும் அங்கங்க நிலையா நிக்கும். இடது பக்கம் மூணாவது பொத்தான்னா இன்னைக்கும் மூணாவது, நாளைக்கும் மூணாவது. பக்கத்துக்குப் பக்கம் அதோட வேலை மாறும், ஆனா மனப்பாடம் பண்ணலாம். திருப்புகழையே மனப்பாடம் பண்ணிட்டுப் போற ஊருடா இது! மெனுவப் பண்ண முடியாதா? சந்தையில அந்தப் பெட்டி புதுசு இனிமே வராது. பழசுதான் கிடைக்கும். பழசு வாங்குறப்ப ஒவ்வொரு கட்டையையும் மெதுவா அமுக்கு, அப்புறம் அழுத்தி அமுக்கு. உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சிருந்தா ஒரு கட்டை ஊமையா இருக்கும், இன்னொண்ணு தொட்டாலே கத்தும். விக்கிறவன் அத எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். விலையக் குறைக்க உனக்கு அது போதும்.

சுருதிய ஏத்தி இறக்குற ட்ரான்ஸ்போஸ் பத்தித் தனியாச் சொல்லணும். மெல்லிசை மேடையில உன் பொழப்பே அதுலதான் ஓடுது. பாடுற பொண்ணு அஞ்சரைக் கட்டைன்னு சொல்லிட்டு மேடை ஏறும். ரெண்டாவது பாட்டுக்கு, "அண்ணே, தொண்டை கட்டிருச்சு, அஞ்சு கட்டைக்கு இறக்குங்க"ன்னு காதுல ஓதும். கண்ணு உள்ளவன் திரையப் பார்த்து ஒண்ணு குறைப்பான். நமக்கு இப்ப எதுல நிக்கிறோம்னு எப்படித் தெரியும்? யமஹால ட்ரான்ஸ்போஸுக்குக் கூட்டல், கழித்தல்னு ரெண்டு பொத்தான் தனியா இருக்கிற மாடல்ல, ரெண்டையும் ஒண்ணா அமுக்கினா சுழிக்கு வந்துரும். சுழிக்கு வந்துட்டா ஒரு கட்டை. அங்கேர்ந்து எண்ணு. அஞ்சரைக்கு மேல எட்டுத் தட்டு, இல்ல கீழ நாலு தட்டு. அஞ்சு கட்டைக்கு மேல ஏழு, இல்ல கீழ அஞ்சு. முடிஞ்சது. குழப்பம் வந்துச்சா? மறுபடி ரெண்டையும் ஒண்ணா அமுக்கு, மறுபடி எண்ணு. பாடுற பொண்ணு மைக்கச் சரி பண்றதுக்குள்ள ஆயிரும். ஆனா சின்னப் பெட்டிங்கள்ல இந்த ட்ரான்ஸ்போஸ ஃபங்ஷன் மெனுவுக்குள்ள போட்டு வச்சிருப்பான். மெனு, அதுக்குள்ள நம்பர், அதுக்குள்ள கூட்டல் கழித்தல். மேடையில அந்தக் குகைக்குள்ள போனவன் பல்லவி முடிஞ்சுதான் வெளிய வருவான். அதனால கடையில நீ கேக்க வேண்டிய முதல் கேள்வி, "ட்ரான்ஸ்போஸுக்குத் தனிப் பொத்தான் இருக்கா?" இத்தனை வருஷம் கீபோர்டு விக்கிறவனுக்கு அது தெரியலன்னா அவன் விக்கிறது கீபோர்டு இல்ல, அட்டைப் பெட்டி.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், மனசுல வச்சுக்காத. எங்க காலத்துல ராஜபார்ட்டு ஒரு கட்டையில இழுப்பான், ஸ்த்ரீபார்ட்டு இன்னொரு கட்டையில நிப்பா, பபூன் எந்தக் கட்டையில பாடுறான்னு அவனுக்கே தெரியாது. பெட்டிக்காரன் எல்லாத்துக்கும் கை மாத்தி வாசிக்கணும். நாங்க பன்னெண்டு சுருதியிலும் வாசிச்சோம். நீ ஒரே கட்டையில வாசிச்சுட்டு மீதிப் பதினொண்ணையும் பொத்தான்கிட்ட ஒப்படைச்சிருக்க. தினம் ஒரு கட்டையா மாத்தி வாசிச்சுப் பழகு. அப்புறம் அந்தப் பொத்தான் எங்க இருந்தா உனக்கென்ன?

அடுத்தது தூக்கம். பல பெட்டிக்கு இப்பத் தூங்குற வியாதி இருக்கு. அரை மணி நேரம் தொடாம விட்டா, கரண்ட மிச்சம் பிடிக்கிறேன்னு தானா அணைஞ்சுரும். நம்ம ஊருத் திருவிழா மேடையில அரை மணி நேரம்கிறது ஒரு கணக்கா? ஒன்றியம் பேசி, மாவட்டம் பேசி, சால்வை போத்தி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை தூங்கிரும். கண்ணு உள்ளவன் விளக்கு அணைஞ்சதப் பார்த்து மறுபடி போட்டுக்குவான். நீ முதல் பாட்டுக்குக் கம்பீரமா கைய வைப்ப. கட்டை டக் டக்குன்னு கேக்கும், வேற ஒண்ணும் கேக்காது. இதுக்கு மருந்து இருக்கு. யமஹாவோட பிஎஸ்ஆர்-இ வரிசையில, இடது கோடியில இருக்கிற கடைசிக் கட்டைய அமுக்கிக்கிட்டே பவரப் போட்டா அந்தத் தூக்கம் ரத்தாயிரும். ஸ்கிரீனும் வேண்டாம், மெனுவும் வேண்டாம். ஆனா இடது வலது மாறிராத. வலது கோடியில இருக்கிற கடைசி வெள்ளைக் கட்டைய அமுக்கிக்கிட்டுப் பவரப் போட்டா, நீ சேத்து வச்ச செட்டிங்கத் துடைச்சுட்டுப் பச்சைப் புள்ளையா எந்திரிக்கும். ஒரு கோடியில விழிப்பு, மறு கோடியில மறதி. எவன் இப்படி வச்சான்னு கேக்காத, வச்சுட்டான்.

மெனு இல்லாமலே கட்டையாலயே எல்லாம் பண்ற பெட்டியும் உண்டு. வெறும் பியானோ வாசிக்கிறவனுக்கு அது சொர்க்கம். யமஹா பி-45, ரோலண்ட் எஃப்பி-10 ரெண்டுலயும் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் பொத்தான். ஃபங்ஷன் பொத்தானப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கட்டையத் தட்டினா ஆர்கன், அந்தக் கட்டையத் தட்டினா மெட்ரோனோம். கட்டைதான் நமக்கு அத்துப்படியாச்சே! திரையே கிடையாது, அதனால பார்வை உள்ளவனும் நம்மளப் போலத் தடவித்தான் ஆகணும். எனக்கு அந்தப் பெட்டி மேல ஒரு தனிப் பாசம். ஆனா ரிதம் கிடையாது, கச்சேரிக்கு ஆகாது. எடை ஒண்ணு 11.5 கிலோ, ஒண்ணு 12.3 கிலோ. ஒரு கையில வெள்ளைக் கோலு, தோள்ல 12 கிலோ, எதிர்ல டவுன் பஸ்ஸு. நீயே யோசிச்சுக்க.

பொத்தான அடையாளம் வைக்கிறதுக்கு உங்க அம்மா ஸ்டிக்கர் பொட்டுத் தருவா. கீபோர்டுக்கு நெத்தி நெறையப் பொட்டு வச்சு மங்களகரமா மேடை ஏத்துவ. ரெண்டாவது பாட்டுல வேர்வை பட்டு எல்லாம் உரிஞ்சு உன் விரல்ல ஒட்டிக்கும். அப்புறம் உன் கையத் தடவித்தான் பொத்தானக் கண்டுபிடிக்கணும். ஹார்டுவேர் கடையில எம்-சீல் வாங்கு. குண்டூசித் தலை அளவுக்கு உருட்டி வை, கல்லாட்டம் நிக்கும். எல்லாப் பொத்தானுக்கும் வைக்காத. எல்லாத்துலயும் புள்ளி இருந்தா எதுலயும் இல்லன்னு அர்த்தம். ஸ்டார்ட், ட்ரான்ஸ்போஸ், ரிஜிஸ்ட்ரேஷன்ல முதல் பொத்தான், இந்த மூணு போதும். மிச்சத்த அதுலேர்ந்து எண்ணிக்கலாம். வாரன்டி போயிரும்னு கடைக்காரன் பயமுறுத்துவான். பொத்தானத் தப்பா அமுக்கிப் பாட்டு போனா அதுக்கு அவன் வாரன்டி தர்றானா?

ரிஜிஸ்ட்ரேஷன்னு சொன்னேன் பாரு, மெமரிப் பொத்தான், அது நமக்குப் பெரிய வரம். ஒலி, ரிதம், வேகம், சுருதி எல்லாத்தையும் பாட்டுக்குப் பாட்டு ஒரு பொத்தான்ல பூட்டி வச்சுக்கலாம். எஸ்975-ல அதுக்கு எட்டுப் பொத்தான் வரிசையா நிக்கும். பூட்டி வைக்கிற நாள்ல மட்டும் பார்வை உள்ள ஒரு பயலப் பக்கத்துல உக்கார வை. டீ வாங்கிக் குடு, வடை வாங்கிக் குடு. வேலை முடிஞ்சதும் அவன வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டுக் கதவச் சாத்து. ஏன்னா, "இது என்னண்ணே பொத்தான்?"னு கேட்டுக்கிட்டே அமுக்கிட்டுப் போற கை கண்ணு உள்ளவனோட கைதான்.

பேசுற கீபோர்டு வந்திருக்கே, அதப் பத்திச் சொல்லலியேன்னு நீ முணுமுணுக்கிறது கேக்குது. கேட்டுக்க. அமெரிக்காவுல ரே கர்ஸ்வைல்னு ஒருத்தர், அச்சடிச்ச புத்தகத்த வாய்விட்டுப் படிக்கிற மிஷின 1976-ல கொண்டுவந்தாரு. அத வாங்க முதல்ல ஓடி வந்தவரு ஸ்டீவி வொண்டர். அவரும் நம்ம ஜாதிதான், பார்வை இல்லாத ஜாதி. ரெண்டு பேரும் பேசிப் பேசி, நிஜ வாத்தியம் போல ஒலிக்கிற எலெக்ட்ரானிக் பெட்டி வேணும்னு ஸ்டீவி ஆசைப்பட, 1982-ல கம்பெனியே ஆரம்பிச்சு, 1984-ல கர்ஸ்வைல் 250-னு ஒரு கீபோர்டு வந்துச்சு. பார்வை இல்லாத ஒருத்தர் கேட்டதுக்காகக் கீபோர்டு செஞ்ச காலமும் இருந்திருக்கு. நீயும் போய்க் கேளு. கடைக்காரன், "ஸ்டாக் இல்ல சார்"னு சொல்லுவான்.

இப்பவும் நல்ல மனுஷங்க இருக்காங்க. ஜெர்மனியில நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்காரன் செய்யுற கம்ப்ளீட் கன்ட்ரோல் எஸ் வரிசையில, குமிழத் திருக வேண்டாம், தொட்டாலே போதும். அது என்ன குமிழு, எதுல நிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். பிரான்ஸ்ல ஆர்டூரியாக்காரனும் கீலேப் வரிசையில பேசிச் சொல்ற வசதி பண்ணியிருக்கான். வாயத் திறந்து சொல்றது கம்ப்யூட்டர்தான், ஞாபகம் வச்சுக்க. கம்ப்யூட்டர் இல்லன்னா அதுல பேச்சும் வராது, பாட்டும் வராது. யமஹாவோட மாண்டேஜ், மோடெக்ஸ் ரெண்டுக்கும் மென்பொருளப் புதுப்பிச்சா மெனுவப் படிச்சுச் சொல்ற வசதி வந்திருக்கு. பெட்டி பேசும். விலையக் கேட்டா நீ பேச்ச நிறுத்திருவ.

கம்ப்யூட்டர் வழியாப் போறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. என்விடிஏன்னு ஒரு திரைவாசிப்பான், இலவசம். ஆஸ்திரேலியாவுல பார்வை இல்லாத ஒரு இளைஞர் 2006-ல ஆரம்பிச்சு, பார்வை இல்லாத இன்னொருத்தரும் சேர்ந்து வளர்த்தது. தமிழும் பேசும், கொஞ்சம் வெள்ளைக்காரத் தமிழ். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரே, ரீப்பர்னு ஒரு ரெக்கார்டிங் மென்பொருள நம்ம ஆளுங்க கையாள்றதுக்கு ஓசாராங்கிற துணைக் கருவியும் எழுதியிருக்காரு. ரீப்பருக்கு 60 டாலர், ஓசாராவுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல உக்காந்து பாட்டுச் சேக்குறதுக்கு இதவிட நமக்குத் தோதானது இல்ல. ஆனா மேடைக்குக் கொண்டுபோனா ஒண்ணு மறக்காத. பாட்டுக்குத் தனி ஆடியோ பெட்டி, திரைவாசிப்பான் பேச்சுக்கு லேப்டாப்போட ஹெட்போன் ஓட்டை. ரெண்டையும் ஒரே வழியில விட்டா, அம்மன் பாட்டுக்கு நடுவுல "பேட்டரி பத்து சதவீதம்"னு ஊருக்கே கேக்கும். சாமி வந்து ஆடுறவங்க பாதியில நின்னு பார்ப்பாங்க.

போன்ல படிச்சுச் சொல்ற ஆப் இருக்கேங்கிற. சீயிங் ஏஐ, பி மை ஐஸ் எல்லாம் நல்லதுதான். வீட்டுல வச்சு முதல்தரம் மெனுவக் கத்துக்க உதவும். சின்னத் திரையில மினுக்குற எழுத்து அதுக்கு ஒருநேரம் பிடிபடும், ஒருநேரம் பிடிபடாது. மேடையில ஒரு கையில போனு, ஒரு கையில மைக்கு, வாசிக்கிறது எந்தக் கை? அதவிட, வாங்குறதுக்கு முன்னால கம்பெனி இணையதளத்துலேர்ந்து அந்த மாடலோட கையேட்ட இறக்கி, திரைவாசிப்பான்ல படிச்சுப் பாரு. படம் படமாப் போட்டு, "படத்துல காட்டியபடி செய்க"ன்னு எழுதியிருந்தா, அந்தக் கம்பெனி உன்ன மனசுல வைக்கலன்னு புரிஞ்சுக்க. ஒலிப் பட்டியல் தனியா டேட்டா லிஸ்ட்னு இருக்கும். அத முதல்ல இறக்கு. கண்ணு உள்ளவன் எவனும் கையேடு படிக்கிறதில்ல. நீ படிச்சா அவனுக்கே நீ வாத்தியார்.

அடாப்டரச் சொல்லாம விட்டேன். எல்லா அடாப்டரும் கைக்கு ஒண்ணாத்தான் தெரியும், வோல்ட்டும் முனையும் வேற வேற. மாத்திச் சொருகினா பெட்டி புகைஞ்சுரும். உன்னோடதுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வை.

2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல, எல்லாருக்கும் பயன்படுற விதமாப் பொருள் செய்யறத அரசாங்கம் ஊக்குவிக்கணும்னு எழுதியிருக்கு. நல்ல சட்டம். கடையில அதச் சொன்னா, "அது எந்த பிராண்டு சார்?"னு கேப்பான். சொல்லிட்டே இரு. பத்துப் பேர் கேட்டாத்தான் பதினோராவது ஆளுக்குப் பதில் வச்சிருப்பான்.

என் தீர்ப்பக் கேக்குறியா? காசு கம்மின்னா நம்பர் பொத்தான் வச்ச கேசியோ சிடி-எக்ஸ்700. கிராமத்து மேடைக்கு ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10-ம் தோதுதான், அதுலயும் தொடுதிரை கிடையாது. பெரிய கச்சேரின்னா அலைஞ்சு திரிஞ்சு ஒரு பழைய எஸ்975. வீட்டுல பாட்டுச் சேக்கணும்னா லேப்டாப்பும் கம்ப்ளீட் கன்ட்ரோலும். எஸ்எக்ஸ்900-ஐ எவனாவது உனக்குச் சும்மா குடுத்தான்னா, கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்க. மறுநாளே வித்துட்டு, மேல சொன்னதுல ஒண்ண வாங்கிக்க.